அப்பாவை எழுப்பிய மக்காச்சோளம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்றும், மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடும் வழக்கத்தை விட்டுவிட்டாய் என்றும் நம்பி எழுதுகிறேன். வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கையில் வாங்கியதுமே உனக்குத் திக்கென்று இருக்கும். பதறாதே. கெட்ட செய்தி ஒன்றும் இல்லை, இருந்ததெல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறேன். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது, அதோடு எனக்குப் பாதியில் அழுகை வந்துவிட்டால் நீ அங்கே இரண்டு நாள் தூங்க மாட்டாய். எழுத்தில் என்றால் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எழுதலாம், உனக்குத் தெரியாது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் விளைந்து, ஒடித்து, உதிர்த்து, காயவைத்து நாற்பத்தொரு மூட்டை பிடித்தோம். பயிர் வைத்தது நான். ஆமாம், நான்தான். ஊசியில் நூல் கோக்க மட்டும் தெரிந்த உன் அம்மா.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன், திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. முந்தின வருஷம் பயிர் வெள்ளத்தில் போனது உனக்குத் தெரியும். போன வருஷம் படைப்புழு விழுந்ததும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. பூ எடுக்க வேண்டிய பயிர் குருத்தெல்லாம் சல்லடையாகி நின்றது, அப்பா ஒருநாள் டிராக்டர்காரரைக் கூட்டி வந்து நின்ற பயிரை அப்படியே உழுது மண்ணோடு மண்ணாக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். அன்றைக்குப் படுத்தவர்தான். எழுந்து குளிப்பார், வைத்ததைச் சாப்பிடுவார், திரும்பவும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ரேடியோவைத் தொடவில்லை. சவரம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாருக்குக் காட்ட என்பார். நீ கூப்பிடும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நல்லா இருக்கேம்மா என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்பாய், தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். ஒரு மனுஷனுக்கு ஐந்து மாதமாகவா தொண்டை கட்டியிருக்கும் என்று நீ திருப்பிக் கேட்காமல் விட்டது உன் பெருந்தன்மை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லம்மா, மனசு களைச்சுப் போயிருக்கு, இதுவும் ஒரு நோய்தான், மாத்திரையை நிறுத்தாதீங்க, தனியா விடாதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்னால் இருக்கும் பூச்சிமருந்து அறையைப் பூட்டி, சாவியை என் தையல் பெட்டியில் நூல் உருண்டைகளுக்கு அடியில் போட்டேன். அப்பாவிடம் சாவி எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, நீ புரிந்துகொள்வாய்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல் சூளைக்காரர் வந்தார். நிலம் சும்மாதானே கிடக்கிறது, மேல்மண்ணை மட்டும் நாலடி எடுத்துக்கொள்கிறேன், நிலம் உங்களுடையதாகவே இருக்கும் என்று தேன் ஒழுகப் பேசினார். நாலடி மண்ணை எடுத்த பிறகு மிஞ்சுவது நிலமா, குளமா. அப்பா சுவரைப் பார்த்தபடியே, குடுத்துடலாம், யாருக்கு வேணும் அது என்றார். முப்பது வருஷமாக அவர் எரு போட்டு வளர்த்த மண்ணைப் பற்றி அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, கையில் கத்திரிக்கோலோடு வாசலுக்குப் போய், இந்தப் போகம் நாங்க பயிர் வைக்கிறோம், அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டேன். சூளைக்காரர் கத்திரிக்கோலைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். உள்ளே வந்தால் அப்பா, "உனக்கு என்ன தெரியும் விவசாயத்தைப் பத்தி" என்றார். எனக்கு ஒண்ணும் தெரியாது, அதனாலதான் பயமும் இல்ல என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர, அன்றைக்கு முழுக்கத் தைத்த ரவிக்கை ஒன்றிலும் கை நேராக வரவில்லை.

நம் தையல் கடையில் பொத்தான் தைக்கும் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உனக்குப் பொத்தானில் பம்பரம் செய்து கொடுத்தவர். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, சரி, நமக்குத் தெரியலன்னா தெரிஞ்சவங்களக் கேப்போம், வாய் என்ன வாடகைக்கா விட்டிருக்கு என்றார். இரண்டு பேருமாக விவசாய ஆபீஸுக்குப் போனோம். அங்கே உன் வயதில் ஒரு பெண் அதிகாரி, ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டே இருப்பதால் எல்லாரும் அவளை ஸ்கூட்டர் அம்மா என்கிறார்கள். நான் ஒரு தையல்காரி, மக்காச்சோளம் வைக்கணும், ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து சொல்லிக்குடு என்று உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கவே இல்லை அந்தப் பெண். நோட்டு எடுத்து வரைந்து காட்டினாள். வெயில் காலத்திலேயே ஆழ உழுதுவிட வேண்டும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பதுங்கியிருப்பதெல்லாம் மேலே வந்து வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும் என்றாள். விதையை மருந்தில் பிரட்டி நட வேண்டும், வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி பத்து அங்குலம், வரப்பு ஓரமாகத் தட்டைப்பயறு போட்டால் புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகள் வந்து தங்கும் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னாள், "தினமும் காலைல வயலுக்குள்ள நடங்கம்மா, வரப்புல நின்னு பாத்தா எல்லா வயலும் பச்சையாத்தான் தெரியும்." அதை நான் மறக்கவே இல்லை.

அளவு என்று சொன்ன பிறகு எனக்கு என்ன பயம். தோளில் கிடக்கும் அளவு டேப்பை அப்படியே வயலுக்கு எடுத்துப் போனேன். கயிறு கட்டி, கயிற்றில் பத்து அங்குலத்துக்கு ஒன்றாகச் சிவப்பு நூலில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு குழியாக நானும் பொத்தான் அக்காவும் கூலிக்கு வந்த நாலு பெண்களும் இரண்டு நாளில் நட்டு முடித்தோம். சோளம் நடுறாங்களா சோளிக்குக் காஜா போடுறாங்களா என்று பக்கத்து வயல்காரர் கேலி பண்ணினார். பண்ணிக்கொள்ளட்டும். ஒரே ஒரு வரிசை மட்டும் நடுவில் பாம்பு மாதிரி வளைந்துவிட்டது, அது உன்னால். நட்டுக்கொண்டிருக்கும்போது நீ போன் பண்ணினாய், நான் கடையில் இருக்கிறேன் என்று புளுகிக்கொண்டே நட்டேன், கயிறு நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் காற்று இரைகிறதே என்று கேட்டாய், மின்விசிறி என்றேன். ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சுருட்டி வைத்த பச்சைக் காகிதம் மாதிரி முளை. வரிசை பிடித்து நிற்கிறது. நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. எத்தனையோ கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றையும் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

சாயங்காலம் வந்து அப்பாவிடம் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். சுவரைப் பார்த்தபடி கேட்பார், கேட்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. ஒருநாள் வாய் தவறி, தண்ணி தினமும் நிக்க நிக்கக் கட்டுறேன் என்று சொல்லிவிட்டேன், உண்மையில் வாரம் ஒரு முறைதான் கட்டினேன். சுவர்ப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது, "வேர் அழுகிடும்." இரண்டே வார்த்தைதான். எனக்குச் சட்டென்று ஒரு விஷயம் பிடிபட்டது. நான் சரியாகச் செய்ததைச் சொன்னால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, தப்பாகச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளில் இருந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். குழிக்கு மூணு விதை முளைச்சிருக்கு, பாவம், எதையும் பிடுங்க மனசு வரல என்றேன். அவர் பாதி திரும்பி, மூணையும் விட்டா மூணும் நோஞ்சானாத்தான் வரும், நல்லா இருக்கிற ஒண்ண விட்டுட்டு மத்ததப் பிடுங்கு என்றார். களை பச்சையா அழகா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். தலையில் அடித்துக்கொள்வதற்குக் கையைத் தூக்கினாரே, அதைப் பார்க்கவே இன்னும் நாலு பொய் சொல்லலாம் போல் இருந்தது. மூன்றாவது வாரம் யூரியா போட்ட அன்றைக்கு, செடி தலைமேல நல்லாத் தூவிட்டு வந்தேன் என்றேன். விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "குருத்துல விழுந்தா கருகிடுமே, வேர் ஓரமா வச்சு மண் அணைக்கணும்னு தெரியாதா உனக்கு" என்று கத்தினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். எனக்கு உள்ளுக்குள் குதிக்கலாம் போல் இருந்தது, ஆனால் குதிக்க நேரமில்லை, ஏனென்றால் அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை, நிஜமாகவே இரண்டு வரிசையில் அப்படித்தான் தூவிவிட்டு வந்திருந்தேன். ஓடிப்போய் மிச்சத்தைச் சரியாக வைத்தேன். அந்த இரண்டு வரிசைக்கும் இலை நுனி கருகி, பிறகு எப்படியோ தேறிக்கொண்டது.

அதற்கு மூன்றாம் நாள் புழு வந்தது. காலையில் நடக்கும்போது சில இலைகளில் பச்சையைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடித்தாள் மாதிரி சின்னச் சின்ன ஜன்னல்கள். குருத்தை விரித்துப் பார்த்தால் உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கு அடியில் நெற்றியில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்தோடு அந்தச் சனியன். புழுவுக்காகப் பயப்படவில்லை, வீட்டில் படுத்திருப்பவருக்காகத்தான் பயம். இது தெரிந்தால் இப்போதுதான் திரும்பிப் படுத்த மனுஷன் மறுபடி சுவரோடு போய்விடுவாரே. சொல்லாமல் மறைத்தேன். பொத்தான் அக்கா மட்டும், எத்தனை நாளைக்கு மறைப்ப, அவரு முப்பது வருஷம் வயல்ல நின்னவரு, உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு என்றார். என் மூஞ்சியைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. மத்தியானம் சாப்பாடு வைக்கக் குனிந்தேன், என் சட்டைக் கையில் அந்த மரத்தூள் ஒட்டியிருந்திருக்கிறது. அப்பா அதை விரலால் தொட்டு எடுத்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வந்துருச்சா என்றார். வந்துருச்சு என்றேன். சோற்றில் கையை வைக்காமல் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "மருந்து ரூம் சாவி எங்க" என்று கேட்டார்.

மகளே, அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். தொலைந்துவிட்டது என்று மறுபடி சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பல மாதத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "நூலுக்கு அடியிலதான இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும். அது அங்கயே இருக்கட்டும்னுதான் நானும் கேக்கல." பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தேன், கொடுக்கவில்லை, நானும் வரேன் என்றேன். வா என்றார். இரண்டு பேருமாகப் போய்த்தான் அந்தக் கதவைத் திறந்தோம். உள்ளே நின்று ஒவ்வொரு புட்டியாக எடுத்துத் தேதி பார்த்தார். "போன வருஷம் கைல கிடைச்சதையெல்லாம் அடிச்சேன், புழு குருத்துக்குள்ள இறங்கின பிறகு அடிச்சேன், அதனாலதான் போச்சு, நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்று அந்தப் புட்டிகளிடம் சொல்வது போலச் சொன்னார். அப்போதுதான் அவர் அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாவது முறை, முதல் முறை உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்தபோது. நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதெல்லாம் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றார். ஸ்கூட்டர் அம்மாவுக்குப் போன் பண்ணினோம், அவள் வண்டி அனுப்பிப் பழைய மருந்து மொத்தத்தையும் முறைப்படி அழிப்பதற்கு எடுத்துப் போய்விட்டாள். அறை இப்போது காலி. என் துணி மூட்டைகளை அங்கே வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அப்பா வயலில் இறங்கினார். முதல் வரிசையின் முனையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு குனிந்து முதல் குருத்தை விரித்தார். எட்டு நாள், காலை வெயில் ஏறும் வரைக்கும், நானும் அவரும் பொத்தான் அக்காவும் ஆளுக்கொரு வரிசை பிடித்து இலை இலையாகப் பார்த்தோம். முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் அங்கேயே நசுக்கினோம், புழு இருக்கும் குருத்தில் ஒரு பிடி மணலைப் போட்டோம், அது உள்ளே உராய்ந்து புழுவைக் கொன்றுவிடும். ஸ்கூட்டர் அம்மா கொடுத்த பூதக்கண்ணாடியில் முட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் நீ ஆஸ்பத்திரி லேபில் கண்ணை இடுக்கிக்கொண்டு ரத்தத்தைப் பார்ப்பது ஞாபகம் வரும், அம்மாவும் மகளும் ஒரே வேலைதான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். அவள் சொன்ன மருந்தை ஒரே ஒரு முறை, அளவு தப்பாமல், சாயங்கால நேரத்தில் குருத்துக்குள் படும்படி அடித்தோம். அடிக்கும்போது முழுக்கை அங்கியும் முகமூடியும் போட வேண்டும் என்றாள், வீட்டில் மிச்சத் துணியாக இருந்தது ரோஸ் பூப் போட்டதுதான், அதிலேயே தைத்துவிட்டேன். உன் அப்பா ரோஸ் பூ அங்கியில் மருந்து அடித்த போட்டோ பொத்தான் அக்காவின் போனில் இருக்கிறது. உனக்கு அனுப்பினால் விவாகரத்துதான் என்று சொல்லியிருக்கிறார், ஆகவே நீ பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

புழு அடங்கியது. பயிர் ஒரே மாதத்தில் என் தலைக்கு மேல் போய்விட்டது, உச்சியில் ஆண் பூ விரிந்து, இடுப்பில் கதிர் எட்டிப் பார்த்து, அதன் நுனியில் பட்டு நூல் தொங்க ஆரம்பித்தது. எனக்கு நூல் என்றால் கேட்க வேண்டுமா, தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நூலும் ஒரு மணி, இந்தச் சமயத்துல ஒருநாள் காய்ஞ்சாலும் மணி பிடிக்காது என்று அப்பா சொன்னார், தண்ணீர் கட்டும் வேலையை என்னிடம் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, மணியில் பால் ஏறும் நேரத்தில் ஒரு மத்தியானம் பேய்க்காற்று அடித்தது. மழையும் சேர்ந்துகொண்டது. கடை ஷட்டரை இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு ஓடினால் அப்பா வீட்டில் இல்லை, வயலுக்குப் போயிருக்கிறார். காற்று நின்ற பிறகு வாசலில் நின்றுகொண்டு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன், பயிர் போனால் போகட்டும், இவரை மறுபடி படுக்க வைத்துவிடாதே என்று. சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "மேற்கு மூலைல கொஞ்சம் சாஞ்சிருக்கு, ஆனா தண்டு ஒடியல, வேர் பிடியை விடல. மண் அணைச்சா போதும். டீ இருக்கா" என்றார். டீ இருக்கா என்று அவர் கேட்டது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குப் புரிய வேண்டுமானால் நீ இந்த ஒரு வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்க எனக்கு நாலு தீக்குச்சி வேண்டியிருந்தது.

அறுவடை எப்போது என்று எனக்குத் தெரியவில்லை, மட்டை காய்ந்து வெளுத்ததும் ஒடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா ஒரு கதிரை உரித்து, ஒரு மணியைப் பிடுங்கி, அடிப்பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டினார். அங்கே பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்பு. அது வந்தால் செடி கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது என்று அர்த்தமாம், இனி காய்வது மட்டும்தான் பாக்கி. பத்துப் பெண்கள் வந்தார்கள், வரிசைக்கு ஒருவராக இறங்கி, கதிரைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு முறுக்கு, டப்பென்று ஒரு சத்தம், கூடையில் விழும். நாள் முழுக்க வயல் பூராவும் அந்த டப் டப்தான். என் இரண்டு கையும் மட்டையில் கீறிக்கொண்டு எரிந்தது, ஒரு வாரம் ஊசி பிடிக்க முடியவில்லை, வாடிக்கைக்காரர்கள் எல்லாம் சோளத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். உதிர்க்கும் இயந்திரம் வருவதற்குள் வானம் மூடிவிட்டது, கதிரை எங்கே போட. என் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தச்சர் தன் பட்டறையைக் காலி பண்ணிக் கொடுத்தார், அதிலும் கொள்ளாததை என் கடையில் கொட்டினோம். நாலு நாள் என் கடைக்கு வந்தவர்கள் கதிர்க் குவியலைத் தாண்டிக் குதித்துத்தான் அளவு கொடுத்தார்கள், ஒரு பெரியம்மா குவியல் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இங்கயே இருந்துக்கறேன், நல்லா குளுகுளுன்னு இருக்கு என்றார். நல்லவேளை மழை பயமுறுத்திவிட்டுப் போய்விட்டது. உதிர்த்து, வெயிலில் பரப்பி, காலால் கோதிக் கோதிக் காயவைத்தோம். தீவனக் கம்பெனி ஆள் வந்து மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடித்தார், நறுக்கென்று உடைந்தது. அப்பாவும் ஒன்றை எடுத்துக் கடித்தார், வேண்டுமென்றே அவரைவிடச் சத்தமாக. ஈரம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு அந்த ஆள், புழு விழுந்த வருஷத்துல இப்படி மணி நான் பாக்கலையே, யாரு விவசாயம் பண்ணினது என்று கேட்டார். அப்பா என்னைக் கை காட்டினார். எல்லார் முன்னாலும். அந்த ஆள் என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போய்விட்டார்.

மூட்டைகள் போன மறுவாரம் சூளைக்காரர் மறுபடி வந்தார், கத்திரிக்கோல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார் போலிருக்கிறது. அப்பா அவரை உட்கார வைத்து மரியாதையாகப் பேசி, "மண்ணுக்கு வேலை இருக்குங்க, இப்போதைக்கு அதுக்கு ஒழியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சோளத்தட்டையை மடக்கி உழுது, இப்போது பயறு விதைத்திருக்கிறார். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார், டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார், முழுக்க நிறுத்த இன்னும் நாள் ஆகும் என்கிறார். சில நாள் காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார், அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுந்துவிடுகிறார். நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்கூட்டர் அம்மாவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், வாங்கக் கூடாது என்றாள், அளவு உனக்குத்தான் சரியாக இருக்கும், வேறு யாருக்குக் கொடுப்பேன் என்று திணித்துவிட்டேன். பொத்தான் அக்காவுக்கு என்ன கொடுத்தாலும் தகாது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், போதும் போ, வேலையைப் பாரு என்றார். வராமல் போன மழைக்கும் நன்றி, வந்த வெயிலுக்கும் நன்றி. உனக்கும்தான், இத்தனை மாதம் வாரம் இரண்டு முறை விடாமல் கூப்பிட்டாயே, அந்த இரண்டு வார்த்தை பேசுவதற்காகவாவது அவர் எழுந்து உட்கார்ந்தார், அது உனக்குத் தெரியாமலே நீ செய்த வேலை.

உன்னிடம் மறைத்தது தப்புதான், தூரத்தில் இருக்கிற பிள்ளையைக் கலங்க வைக்கக்கூடாது என்று நினைத்தேன். நீயும் இதே நினைப்பில் எங்களிடம் எதையாவது மறைத்துக்கொண்டிருப்பாய் என்ற எண்ணம் இப்போது என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அங்கே மனசு கனத்தால் சொல்லிவிடு, காரணம் இல்லாவிட்டாலும் சொல், நாங்கள் இரண்டு பேரும் இப்போது இதில் அனுபவசாலிகள். டாக்டரைப் பார்க்க வெட்கப்படாதே. இருட்டு சீக்கிரம் வந்துவிடும் மாதங்களில் வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் யாரோடாவது நாலு வார்த்தை பேசிவிட்டுப் போ.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வெளியே கிளம்பச் சட்டையை மாட்டின அப்பா, நடுவில் ஒரு பொத்தான் இல்லை என்று ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறாய், கட்டின புருஷன் திறந்த மார்போடு அலைகிறான், இந்த வீட்டில் எது வைத்த இடத்தில் இருக்கிறது, சீப்பு எங்கே, கண்ணாடிக் கூடு எங்கே என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டார். நானும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள்தான், உனக்குத் தெரியாததா. ஆனால் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை வாங்கி, ஊசியில் நூலைக் கோத்து, அவர் கத்தக் கத்த நிதானமாகத் தைத்தேன். அவர் முடித்துவிடக் கூடாதே என்று பொத்தானை ஒரு முறை பிரித்து மறுபடியும் தைத்தேன்.

நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும், உன் கை பட்டதெல்லாம் துலங்க வேண்டும். தோளில் இருந்து மணிக்கட்டு வரை உன் கை அளவை அடுத்த போனில் மறக்காமல் சொல், கனத்த துணி எடுத்து வைத்திருக்கிறேன், போன தடவை மாதிரி உத்தேசமாகச் சொல்லாதே, டேப் வைத்து அளந்து சொல்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா
(அப்பாவும்தான், கையெழுத்துப் போடச் சொன்னால் வயலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்)